எந்த மஞ்சள்

முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள் நர்ஸ். பாவாயி கழுவிக்கொண்டு வந்தாள். “அம்மா, மஞ்சள் இன்னும் போகலியே, டாக்டர் நிறம் பார்ப்பாங்க, சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க” என்றாள் அந்தப் பெண். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றியோரத்தில், காதுக்குக் கீழே, கழுத்து மடிப்பில் அப்படியே மஞ்சள். மறுபடியும் அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே புகுந்தேன். “கண்ணு, இதுக்கு மேல தேச்சா தோலுதான் உரிஞ்சு வரும். பூசின மஞ்ச போயிருச்சு. மிச்சமிருக்கிறது உள்ள இருந்து வர்ற மஞ்ச. அதை எடுக்கோணும்னுதானே உங்ககிட்டக் கூட்டிட்டு வந்திருக்குது?” நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவாயிக்கும் வந்தது. “அந்தப் புள்ளகிட்ட எதுக்குங்க மாமா உங்க மண்டிப் பேச்சு” என்று என்னைக் கண்டித்துவிட்டு, சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு ஒறம்பரை போகிறவள் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் மஞ்சள் பூசாத அவளுடைய வெறும் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நன்றாகத் தெரிந்த முகமாகவும் இருந்தது, யாரோ ஒரு சின்னப் பெண்ணின் முகமாகவும் இருந்தது.

சட்டைப் பையில் அவளுடைய தாலிக்கொடி கனக்கிறது. குனிந்தால் விழுந்துவிடுமோ என்று குனியாமலே நிற்கிறேன், செருப்புக்குள் என்னவோ குத்துகிறது, குத்தட்டும். எக்ஸ்ரே வைத்துப் பார்க்கிற வேலை, உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். வளையல், தோடு, மெட்டி எல்லாவற்றையும் முரண்டு பிடிக்காமல் கழற்றிக் கொடுத்தவள், தாலிக்கு மட்டும், “அதைக் கழட்டறதுக்கு வேற ஆளைப் பாருங்க” என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நர்ஸுக்கு இது பழக்கம் போலிருக்கிறது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொண்டால் ஆட்சேபணை இல்லை என்றாள். மஞ்சள் என்றால் எனக்குச் சொல்லித் தரவேண்டுமா? ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிற சென்னியப்பன் பெண்டாட்டிக்குக் கடையில் வாங்கின மஞ்சளா? நேற்றுப் பொழுதோட மண்டிக்குப் போய், வந்திருந்ததிலேயே நல்ல மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டி, கோணல் இல்லாத, சுருக்கம் இல்லாத, தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கிற விரலி ஒன்றைப் பொறுக்கினேன். அதன் பக்கத்து விரலியை ஒடித்து உள்ளே பார்த்தேன். குங்குமப்பூ நிறம். அப்படி ஒரு மஞ்சளை வெளியூர் வியாபாரிகூடப் பார்த்திருக்கமாட்டான். காலையில் வார்டிலேயே நான் கட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் டம்ளரில் கரண்டியைத் தட்டிக் கெட்டிமேளம் வாசித்தார். எங்கள் மகள் மேகலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. நான் ஒரு முடிச்சுப் போட்டேன். மற்றதை நாத்தனார் போடவேண்டும், நாத்தனாருக்கு எங்கே போவது, அந்த நர்ஸையே போடச் சொன்னாள் பாவாயி. “இனிமே நீ எனக்கு நாத்தனாருடி, சீர் செய்யோணும்” என்றாள். இப்படியெல்லாம் விளையாடிக்கொண்டிருக்கிறவள்தான், ஆபரேஷன் என்றால் மட்டும் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இன்றைக்கு உள்ளே நடப்பது பித்தம் அடைத்த இடத்தில் குழாய் வைக்கிற வேலை, அதற்குச் சம்மதித்தாள், அரிப்பு தாங்கவில்லை என்பதால். வெட்டி எடுக்கிற வேலைக்கு இல்லை. அவள் வெளியே வந்ததும் நான் பேசியாகவேண்டும். என்ன பேசுவது என்றுதான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன்.

எல்லாம் அரிப்பில்தான் ஆரம்பித்தது. கையை அரிக்கிறது, பாதத்தை அரிக்கிறது என்றாள். தோலைப் பார்த்தால் ஒரு தடிப்பு இல்லை, சொறி இல்லை. புதுப் புடவைச் சரிகை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள், சரி. தண்ணீர் மாறிவிட்டது என்றாள், சரி. அரிப்புக்கு நம் வீட்டில் என்ன செய்வோம், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவோம். பூசினாள். வழக்கமாக முகத்துக்கு மட்டும் பூசுகிறவள் கை, கால், கழுத்து என்று பூசிக்கொண்டு மாரியம்மன் மாதிரி வீட்டுக்குள் நடமாடினாள். அரிக்க அரிக்கப் பூசினாள், பூசப் பூச உள்ளே இருந்த மஞ்சள் மறைந்துகொண்டே போயிற்று. தலையணை உறை மஞ்சளாக இருந்தது. அது அவள் பூசினதா, என் சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டு மண்டியிலிருந்து வந்ததா, யார் கேட்டது? எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி என்று எதுவுமே கிடையாது. என் பனியனே பொங்கல் நிறத்தில்தான் இருக்கும். “உன்ற மஞ்ச என்ற மேல ஒட்டுது” என்று நானும், “உங்க மண்டி என்ற மேல ஒட்டுது” என்று அவளும் எத்தனை தடவை சொல்லியிருப்போம். சாப்பாடு குறைந்தது, வெயில் காலம் என்றாள். மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போனதை அவள் சொல்லவே இல்லை, அதையெல்லாம் உங்ககிட்டச் சொல்லுவாங்களா என்கிறாள் இப்போது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான், கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பெண், “அம்மா, உங்க கண்ணு ஏன் இவ்வளவு மஞ்சளா இருக்கு?” என்று கேட்டாள். கண்ணில் யாரும் மஞ்சள் பூசமாட்டார்கள். அங்கேயே, அந்தக் கண்ணாடிக் கடையிலேயே, நான் முதல்முறையாக அவளுடைய கண்ணைக் குனிந்து பார்த்தேன். மூட்டையை அவிழ்த்தால் எந்த ஊர்க் காட்டில் விளைந்த மஞ்சள் என்று நிறத்தை வைத்துச் சொல்கிறவன் நான். என்ன செய்ய, பெண்டாட்டியை யார் மூட்டை மாதிரி பார்த்தார்கள். அப்புறம் கீழாநெல்லி, மோர்ச்சோறு, உப்பில்லாப் பத்தியம், கையில் சுண்ணாம்பு தேய்த்து மந்திரிப்பவர் என்று எல்லாக் கதவையும் தட்டினோம். கிண்ணத்துத் தண்ணீரில் கையைக் கழுவச் சொல்லி, அது சிவப்பாக மாறியதும் காமாலை இறங்கிவிட்டது என்றார் அவர். கையில் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தவள் கையில் சுண்ணாம்பு தேய்த்தால் வேறென்ன நிறத்துக்கு மாறும்? அப்போது எனக்கும் தோன்றவில்லை, தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

கதவு திறக்கிறது. இல்லை, வேறு யாரோ. ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், வாய் திறந்திருக்கிறது. நான் வேறு பக்கம் பார்க்கிறேன். ஏசி குளிர் முட்டியில் ஏறுகிறது. பினாயில் வாசனை, அதன் மேல் யாரோ வைத்திருக்கிற மல்லிகைப்பூ வாசனை. டாக்டர் இளம்பரிதி நல்ல மனுஷர், நாம் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்கிறவர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பித்தக் கல்லாக இருந்தால் வலிக்கும், இது வலிக்காமல் வந்த காமாலை, அதுதான் யோசனையாக இருக்கிறது என்றார். பிறகு இன்னொரு பெரிய ஸ்கேன். அதற்குப் பிறகு மேஜைமேல் இருந்த தாளில் படம் போட்டார். ஈரலுக்குள் பித்தம் ஊறுகிறது, சின்னச் சின்னக் குழாய் வழியாக வந்து, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்றாக இரண்டு குழாய் ஆகிறது, இரண்டும் சேர்கிற இடத்தில் அடைப்பு. “கவட்டைங்களா?” என்று கேட்டேன், கிளை பிரிகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். “கரெக்டா சொன்னீங்க, கவட்டையிலதான் கட்டி” என்றார். பித்தக் குழாயில் வருகிற கட்டியே அபூர்வம், இந்த இடத்தில் வருவதை எல்லா ஊரிலும் எடுக்கமாட்டார்கள், இங்கே ஒரு குழுவே இருக்கிறது என்றார். அபூர்வம் என்ற வார்த்தை என் காதில் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. மண்டியில் அபூர்வமான சரக்கு என்றால் ஏலத்தில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எனக்கு அங்கே உட்கார்ந்திருந்த நாற்காலி நழுவியது. பாவாயி மட்டும் டாக்டரிடம், “அப்ப நான் நெம்ப ஒசத்தியான பொம்பளைன்னு சொல்லுங்க, இவருக்கு இப்பவாச்சும் தெரியட்டும்” என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். முதலில் குழாய் வைத்துக் காமாலையை இறக்கவேண்டும், கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கவேண்டும். ரத்தக் குழாயைக் கட்டி பிடித்திருக்காவிட்டால் அந்தக் குழாயையும் ஈரலில் ஒரு பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம். பெரிய ஆபரேஷன்தான், பொய் சொல்லமாட்டேன். அதற்கப்புறம் மருந்தும் ஏற்றவேண்டி வரும். ஆனால் ஈரல் இருக்கிறதே, அறுத்தாலும் மிச்சமிருப்பது மறுபடி வளரும், உடம்பில் வேறு எதற்கும் அந்தக் குணம் கிடையாது. வளரும் என்றதும் பாவாயி நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், காருக்குள், பெருமாநல்லூர் தாண்டினதும் சொன்னாள். “ஆப்ரேசனெல்லாம் வேண்டாமுங்க மாமா.” ஏன் என்றேன். “எதுக்கு? இருக்கிற வரைக்கும் இருந்துட்டு மஞ்சக் குங்குமத்தோட போயிர்றேன். அதுக்கு எத்தனை பொம்பளைங்க கோயில் கோயிலாச் சுத்தறாங்க. எனக்குத் தானா வருது.” என்னமோ வீடு தேடி வந்த வரனைப் பற்றிப் பேசுவது மாதிரி சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். இறங்கினவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. டிரைவர் பையன் இளநீர் வேணுமுங்களா என்றான். வாங்கிக் குடித்துவிட்டு ஏறிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க அவளிடம் பேசவில்லை. பேசாமல் சாப்பிட்டேன். அவள் பேசாமல் தயிரை இன்னொரு கரண்டி ஊற்றினாள். இத்தனைக்கும் உடம்பு முழுக்க அரிப்பு அவளுக்கு, ஒரு கையால் சொறிந்துகொண்டே இன்னொரு கையால் ஊற்றுகிறாள். அவள்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்தத் தயிர்க் கரண்டியைப் பார்த்தபோது தெரிந்தது. சொல்லவில்லை, பேசாமல் இருக்கிறேன் அல்லவா, எப்படிச் சொல்வது.

இப்போது சொல்லவேண்டும். எப்படி? மேகலாவைச் சொல்லலாம், அவளுக்காகவாவது பண்ணிக்கொள் என்று. சொன்னால் உடனே, “அவளுக்கு நாப்பது வயசாகுது, இன்னும் எங்கிட்டப் பால் குடிக்கிறாளா?” என்பாள். பண்ணாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம். “வேண்டினது நீங்க, நீங்களே போயி குண்டத்துல தீ மிதிங்க” என்பாள். அதட்டிப் பார்க்கலாமா? மண்டியில் நான் ஒரு சத்தம் போட்டால் மூட்டை தூக்குகிறவர்கள் பாதி வழியில் நிற்பார்கள். வீட்டில் என் அதட்டலுக்கு இதுவரை நின்றது குக்கர் மட்டும்தான், அதுவும் அவள் அடுப்பை அணைத்ததால். அழலாம். அழுதால் சம்மதித்துவிடுவாள், தெரியும். ஆனால் அழுது வாங்கின சம்மதத்தோடு அவளை அறுக்கக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அறுத்து ஏதாவது ஆகிவிட்டால்? அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நினைப்பு போய் முட்டிக்கொண்டு திரும்புகிறது. அறுத்து ஏதாவது ஆகிவிட்டால். அறுக்காவிட்டால் ஆகிவிடும், அது நிச்சயம். அறுத்தால் ஆகாமலும் போகலாம். கணக்கு இவ்வளவுதான், ஆனால் இதைப் போட்டு முடிக்க முடியவில்லை. அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யோசிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன், வைத்துக்கொண்டே யோசிக்கிறேன். பெருங்காய டப்பா எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. குளியலறையில் மஞ்சள் உரசுகிற அந்தக் கல் காய்ந்துபோய்க் கிடக்கும். தினமும் காலையில் அவள் அதில் உரசுகிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும், கரகர என்று. வெறும் சத்தம்தான். அது இல்லாமல் எப்படி விழிப்பு வரும்? எல்லோரும் அவளைப் பார்த்துக் கும்பிடுவார்கள், சுமங்கலியாகப் போனாள், கொடுத்துவைத்தவள் என்பார்கள், அவள் நெற்றியிலிருந்து குங்குமம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நான் ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என்னை என்னவென்று சொல்வார்கள்? சொல்வதற்கு ஒரு வார்த்தை இருக்கிறதா? புருஷன் இருக்கிற பெண்ணுக்கு இத்தனை பேர் வைத்திருக்கிறார்களே, பெண்டாட்டி இருக்கிற ஆணுக்கு ஒரு பேர் வைத்தார்களா? மஞ்சள் குங்குமம் எல்லாம் அவளுக்கு. தாலி என் பையில் கிடக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், என் உடம்புச் சூட்டுக்கு அதுவும் சுட்டுக்கொண்டிருக்கிறது.

சிவப்பு விளக்கு அணைந்தது. டாக்டர் முகக் கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். அவர் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தேன். “நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் குழாய் வெச்சாச்சு. வெச்சதுமே பித்தம் கொட்டுது, அரிப்பு சீக்கிரம் குறைஞ்சுரும். சதை எடுத்து அனுப்பியிருக்கோம். ஸ்கேனை எங்க சர்ஜன் மறுபடியும் பார்த்தாரு, ரத்தக் குழாய் தப்பிச்சிருக்குங்கறாரு. காமாலை இறங்கட்டும், எடுத்துரலாம்.” எடுத்துரலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “நீங்க சம்மதம் சொல்லிப் பிரயோஜனம் இல்லீங்க ஐயா, அவங்க சொல்லணும். பேசிப் பாருங்க” என்றார். மேகலா மருந்துப் பையோடு ஓடி வந்து என்னாச்சு என்று கேட்டாள், அவளிடம் பையை வாங்குவதா, பதில் சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்யாமல் உள்ளே போனேன்.

ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தொண்டையில் குழாய் போய்வந்ததில் உதடு காய்ந்திருந்தது. பச்சைத் துணிக்கு மேலே மஞ்சள் கயிறு தெரிந்தது. முகம் காலையில் பார்த்த அதே வெறும் முகம். யோசித்து வைத்திருந்ததில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “பாவாயி.” கண்ணைத் திறக்காமல், “ம்” என்றாள். “எடுத்தறலாங்கறாரு டாக்டரு.” உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். அப்புறம், குரல் கம்மி, “நாந்தான் சொல்லிட்டேனுங்களே மாமா, மஞ்சக் குங்குமத்தோட…” என்று ஆரம்பித்தாள். என் வாயில் தானாக வந்தது. “நீ மஞ்சக் குங்குமத்தோட போயிருவ. நான் எதோட போறது அம்மணி?”

அவள் கண்ணைத் திறந்தாள். அந்த மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. அவள் கை மெதுவாகக் கழுத்துக்குப் போயிற்று. கயிற்றில் தொங்கின மஞ்சளைப் பிடித்து உருட்டினாள், நகத்தால் கீறினாள், மூக்கருகில் கொண்டுபோய் மோந்தாள். அவள் அப்பாவுக்கு மஞ்சள் காடு, விதை மஞ்சள் அறுத்து நட்ட கை அது.

“இது மண்டி மஞ்சளுங்களா?”

“பின்னே? நானே பொறுக்கினேன். மொதத் தரம்.”

“வேக வெச்சது.”

“வேக வெச்சுக் காய வெக்காம மண்டிக்கு எது புள்ள வருது?”

“வெந்தது மொளைக்குமுங்களா?”

“எப்படி மொளைக்கும்?”

“இதுதான் நீங்க மஞ்ச பாத்த லட்சணம்” என்றாள். ஒரு விழுங்கு விழுங்கிக்கொண்டாள், வலித்திருக்கும். “அறுத்தா மறுபடி வளரும்னு அந்த டாக்டரு சொன்னாரில்ல. ஆப்ரேசனன்னைக்காவது எங்கண்ணன் காட்டுல போயி, கணு இருக்கிற பச்சக் கெழங்காப் பாத்து வாங்கியாந்து கட்டுங்க.”

“சரி அம்மணி” என்றேன். சத்தமே வரவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கும், கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.